அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னவன்

சாலவாக்கத்தில் தங்கை வீட்டை விட்டு உத்திரமேரூர் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். வயிறு நிறைந்திருந்தது. நியாயம் கேட்கப் போனவனுக்கு இருக்கக் கூடாத வயிறு.

எட்டாவதோடு நின்ற எனக்கு ஒழுங்காகத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுதான்: அட்ஜஸ்ட். டவுன் பஸ்ஸில் அதற்கு இரண்டு அங்குலம் நகர்ந்து உட்கார் என்று பொருள். லாரி ஷெட்டில், பழைய டயர் மேல் படுத்துக்கொள். ஓட்டலில், மிஞ்சியதைத் தின்றுகொள். பொருள் புரிந்த அன்றே வேலையை விட்டுவிடுவேன். (மொத்தம் ஒன்பது வேலை. அம்மா எண்ணி வைத்திருக்கிறாள்.)

புருஷன் அடிக்கிறான் என்று சுமதி போனில் அழுதாள். அப்பா இல்லை, அண்ணன் நான்தான் போக வேண்டும். "அங்க கை நனைச்சிடாத. தின்னா பேச்சு எழாது" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினாள். ஆனால் நான் போன நேரம் புருஷன்காரன் வீட்டில் இல்லை; சுமதியின் மாமியார் கோழிக் குழம்பை அப்போதுதான் இறக்கி வைத்திருந்தாள். நான் முந்தின நாளிலிருந்து சாப்பிடாதவன்.

"சாப்ட்டுக்கினே பேசலாம் தம்பி."

உட்கார்ந்துவிட்டேன். சுமதி இடது கையால் சோறு போட்டாள்.

"இன்னா பழக்கம் இது?" என்று அதட்டினேன். மூன்றாவது தடவை குழம்பு வாங்கிக்கொண்டு, பெரிய மனிதனைப் போலத் தொண்டையைச் செருமி, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போ சுமதி" என்றேன். மாமியார் என் இலையில் இன்னொரு தொடைக்கறி வைத்தாள்.

ஏரிக்கரை தாண்டும்போதுதான் உறைத்தது. வலது கையை அவள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு தடவைகூட எடுக்கவில்லை. திரும்பி ஓடினேன். எதிரே அவளே வந்துகொண்டிருந்தாள், தோளில் ஒரு பையோடு.

"கை இன்னாச்சி?"

"வீங்கிக்கினு கீது. ஒம்போது வேலைய வுட்டுட்டு வந்தவன் நீ. என்னை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்றியே, வெக்கமா இல்ல?"

"கீது."

"அப்ப பையத் தூக்கினு நட."

இப்போதும் வீட்டில் யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால், "அண்ணனுக்கு இன்னொரு தொட வைங்க" என்பாள் சுமதி. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவளுடைய கட்டை விரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை.

அன்று அவளைக் கூட்டி வந்த மறுநாள் காலை, மாவுக்கட்டுப் போட அவளை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு, எதிரிலிருந்த ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் வேலை கேட்டுப் போனேன். முதலாளி நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.