பல் வைத்தியரைப் பற்றிய என் கடிதம் எங்கே?

மதிப்பிற்குரிய இணைய இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலமா என்று விசாரிக்கலாம்தான். அதற்கு முன் என் கடிதத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்பது தெரிந்தாக வேண்டும்.

தெருமுனைப் பல் வைத்தியரின் மகனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று என் ஒரே மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண் கேட்டு வருகிறார்கள். அந்த வைத்தியர் சில வருடங்களுக்கு முன் என் சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த நல்ல பல்லைப் பிடுங்கியவர். அன்றைக்கே அவர் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றி, 'கறார் வாசகன்' என்ற என் வழக்கமான புனைபெயரில் உங்களுக்கு எழுதினேன், நீங்களும் போட்டீர்கள். அதை எடுத்து அவர்கள் முன்னால் நீட்டினால் சம்பந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

உங்கள் பழைய இதழ்களைத் தேடும் பெட்டியில், 'ஐயா, வணக்கம். பல் வைத்தியர் பற்றி நான் எழுதிய கடிதத்தைத் தயவுசெய்து காட்டவும்' என்று மரியாதையாகத்தான் கேட்டேன். ஒன்றுமில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் பதில். சரி என்று 'பல்' என்று மட்டும் தட்டினால் பல்லி, பல்லக்கு, பல்கலைக்கழகம் எல்லாம் வந்து கொட்டின. பல்லி ஏன் வாலை உதிர்க்கிறது என்ற கட்டுரையை முழுசாகப் படித்தேன், நன்றாகவே இருந்தது, ஆனால் என்னைத் திசைதிருப்பத்தான் அதை முதலில் வைத்தீர்கள் என்பது புரியாமல் இல்லை. அப்போது மகள் தானாகவே வந்து உட்கார்ந்தாள். "முழு வாக்கியமா கேக்காதீங்கப்பா, அது ஆளு இல்ல. ரெண்டு மூணு வார்த்தை போதும். மேல 'கட்டுரைகள்'னு இருக்கு பாருங்க, அத மாத்தி 'வாசகர் கடிதங்கள்'னு வைங்க. வருஷத்தக் குறிங்க. சேர்ந்து வர்ற வார்த்தைய ரெட்டை மேற்கோளுக்குள்ள போடுங்க" என்றாள், சிரித்துக்கொண்டே. தன் கல்யாணத்தைக் கெடுக்கும் ஆதாரத்தைத் தேட ஒரு பெண் இவ்வளவு உதவுவாளா? நான் முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன், ஐயா. சிரித்தபடி டிக்கெட்டை நீட்டுகிறவரைத்தான் இரண்டு தடவை பார்ப்பேன்.

இருந்தாலும் அவள் சொன்னபடியே செய்தேன். புனைபெயரைப் போட்டதும் தெருநாய், பேருந்து, எரியாத விளக்கு என்று என் கடிதங்கள் ரயில் நீளத்துக்கு வந்தன. அவற்றைச் சலிக்க 'படுபாவி', 'கசாப்புக்காரன்', 'கொலைகாரக் குறடு' என ஒவ்வொன்றாக மேற்கோளுக்குள் போட்டேன். ஒன்றும் சிக்கவில்லை. "இப்ப இருக்கற கோவத்துல தேடினா எப்படிப்பா வரும்? அன்னைக்கு எழுதுன வார்த்தையப் போடுங்க" என்றாள் மகள். "அதத்தானே போட்டுக்கிட்டு இருக்கேன்!" என்று கத்தினேன். உள்ளேயிருந்து என் மனைவி, "உங்க கடிதாசிய எடுத்து வெச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணப் போறாங்க?" என்றாள். அதையேதான் நானும் கேட்கிறேன். உங்களுக்குப் பல் வலி வந்து அவரிடம் போயிருப்பீர்கள். வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கும்போது யார் எது கேட்டாலும் தலையாட்டத்தானே வேண்டும்!

உள்ளதைச் சொல்கிறேன், ஐயா. தெருமுனைக்குத்தான் போகப்போகிறாள். ஆனாலும் அவள் போய்விட்டால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கடிதத்தை இருந்த இடத்தில் வைக்காவிட்டால் உங்கள் மேலிடத்துக்கு எழுதுவேன். மேலிடம் யார் என்பதையும் தெரிவிக்கவும்.

தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் பல் வலியில்லாத நீண்ட ஆயுள் கிடைக்க ஆசிகள். கடிதம் வரும்வரை பாதி மட்டும்.

இப்படிக்கு,
கறார் வாசகன்

பின்குறிப்பு: மகள் இப்போதுதான் வந்து, "தங்கமான கை" என்று மேற்கோளுக்குள் தட்டினாள். முதலில் வந்ததே என் கடிதம்தான். மரத்துப்போக ஊசி போட்டிருந்தார் அல்லவா, அது இறங்கும் முன்பே எழுதிவிட்டேன் போலிருக்கிறது. 'வலியே தெரியவில்லை. வைத்தியருக்குத் தங்கமான கை. இப்படிப்பட்ட வீட்டில் பெண் கொடுக்க யாருக்குக் கசக்கும்?' என்று முடித்திருக்கிறேன். இதைப் போன மாதமே கண்டெடுத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாம். அந்தத் தைரியத்தில்தான் அவர்கள் வருகிறார்களாம். ஆகவே அந்தக் கடிதத்தை உடனே ஒளித்து வைக்கவும். எங்கே என்று என் மகளிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.