உங்கள் தங்கையின் நாவலும் என் மஞ்சள் சட்டையும்

சிகாகோ,
அக்டோபர் மாதம், விடாத மழை.

மிசிசிப்பிக்கே திரும்பிப் போய் ஆற்றங்கரையில் தூண்டிலும் கையுமாக நிம்மதியாக இருக்கிற மச்சான் கொர்னீலியஸ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வில்லெட்டாவின் கணவன் ஹோரஸ் டப்ஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. நான் சுகமாக இல்லை. என் கார் மழையில் நனைந்தபடி தெருவில் நிற்கிறது. கார் நிற்க வேண்டிய ஷெட்டில் உங்கள் தங்கை எழுதிய நாவல் அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக் கிடக்கிறது. நீங்கள் ஒருமுறை நேரில் வந்து, அண்ணன் என்ற உரிமையில், "போதும்மா, நிறுத்திக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தட்டத் தொடங்கினாள். தேவாலயத்துப் பெண்கள் சங்கத்துக்கு ஏதோ அறிக்கை தயாரிக்கிறாள் போலிருக்கிறது என்று நான் இருந்துவிட்டேன். அறிக்கை வருடக்கணக்கில் போனது. கடைசியில் பார்த்தால் நாவல். எழுபதுகளில் நம் கறுப்பர் பேட்டையான சவுத் சைடில் சனிக்கிழமை தவறாமல் நடனக் கூடத்துக்கு ஆடப் போனார்களே, அந்தப் பையன்கள், பெண்களின் கதை. நியூயார்க் பதிப்பகங்களுக்கு அனுப்பினாள். நடை அருமை, ஆனால் எங்கள் வாசகர்களுக்கு ஒட்டாது என்று ஒருவர் எழுதினார். இன்னொரு பதிப்பகத்து அம்மாள் போனிலேயே கூப்பிட்டுவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம். முதல் அத்தியாயத்துல யாராவது சுடப்பட்டாங்கன்னா இன்னும் நிஜமா இருக்கும்" என்றாள் அந்த அம்மாள்.

"நாங்க ஆடிக்கிட்டு இருந்தோம்மா. யாரும் யாரையும் சுடலையே" என்றாள் உங்கள் தங்கை.

"சரி, போதைப்பொருள் ஏதாவது?"

"ஆரஞ்சு சோடா இருந்துச்சு."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த மாதமே கூரை மாற்ற வைத்திருந்த பணம் அச்சகத்துக்குப் போய், நாவலாகத் திரும்பி வந்தது. கூரை இன்னும் ஒழுகுகிறது.

மச்சான், காட்டேஜ் குரோவ் தெருப் பக்கம் பெட்டஸ் என்று ஒருவர் புத்தகக் கடை வைத்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கோடையிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றாத மனிதர். யார் எதை எழுதிக்கொண்டு போனாலும், "அச்சுல வந்திருச்சா? அப்போ கண்ணாடி ஓரமா வை, போறவன் வர்றவன் பார்க்கட்டும்" என்பார். முடிவெட்டுகிறவர் எழுதிய வாழ்க்கை வரலாறு, போதகரின் சண்டைக் கடிதங்கள், யாரோ ஒரு அம்மாள் எழுதிய பீச் பழப் பலகாரக் குறிப்பு எல்லாம் அந்தக் கண்ணாடிக்குள் ராஜா மாதிரி நிற்கும். நீங்கள்கூட நிலாவைப் பற்றி எட்டுப் பக்கக் கவிதை எழுதி, நாமே பின் அடித்து, அங்கே கொண்டுபோய் வைத்தோம். அதில் ஒரு பிரதி விற்றது. வாங்கியது நான். உங்கள் தங்கையைப் பார்க்க வீட்டுக்கு வர வேறு வழி தெரியவில்லை. இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வில்லெட்டா காரை மெதுவாக ஓட்டச் சொல்கிறாள். கடைக் கண்ணாடியைத் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த ஞாபகத்தில்தான் நகரத்துப் பெரிய புத்தகக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மேனேஜர் நம் பேரன் வயதுப் பையன். சொந்தச் செலவில் அச்சடித்ததை அவர்கள் வாங்குவதில்லையாம். "பிப்ரவரியில கொண்டு வாங்க மேடம், கறுப்பர் வரலாற்று மாசம், அப்போ ஒரு மேசை போடுவோம்" என்றான். பிப்ரவரியில் கொண்டுபோனோம். அடிமை வியாபார வரலாறு ஒரு பக்கம், கூடைப்பந்து வீரர் ஒருவரின் வாழ்க்கைக் கதை இன்னொரு பக்கம், நடுவில் உங்கள் தங்கையின் காதல் கதை. மாதம் முடிந்ததும் ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"மார்ச் மாசத்துல நாங்க என்னவா இருப்போம் தம்பி?" என்று கேட்டாள் வில்லெட்டா.

"அதெல்லாம் கம்ப்யூட்டர் முடிவு பண்றது மேடம்" என்றான்.

இதற்கிடையில் என்னை டெலிவரிக்காரன் ஆக்கிவிட்டாள். காலமெல்லாம் நகரத்துப் பஸ் ஓட்டியவன் நான். இப்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு டார்னெல்லாவின் பியூட்டி பார்லருக்குள் நுழைந்தால், தலையில் சுருள் மாட்டி வரிசையாக உட்கார்ந்திருக்கிற பெண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சிரிக்கிறார்கள். "அடியே, சட்டைக்காரர் வந்துட்டாரு" என்கிறாள் ஒருத்தி. "கொஞ்சம் திரும்புங்க சார், வலது பக்கமா" என்கிறாள் இன்னொருத்தி. சட்டையில் ஏதோ கறை இருக்கிறது என்று நான் குனிந்து குனிந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்து வேறு சட்டை மாற்றிக்கொண்டு போனேன். அதற்கும் சிரித்தார்கள். நான் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை மச்சான். இந்த வீட்டில் எனக்குத் தெரியாத கதை என்ன இருக்கப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு கல்லூரி மண்டபத்தில், சொந்தமாகப் புத்தகம் போடும் நம்மவர்களுக்காக ஒரு திருவிழா வைத்தார்கள். கடைசியில் பரிசும் உண்டு. பரிசுக்கான கடைசிப் பட்டியலில் இருந்த ஐந்து பேரில் வில்லெட்டாவும் ஒருத்தி. சர்ச்சுக்குப் போகும் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். எங்களுக்குக் கொடுத்த மேசை கழிப்பறை வாசலில். வந்தவர்கள் எல்லோரும் "ஆண்கள் பக்கம் எதுங்க?" என்றுதான் கேட்டார்கள். உங்கள் தங்கை சளைக்கவில்லை. "இடது கைப் பக்கம் போங்க, திரும்பி வரும்போது இங்க வாங்க" என்று ஒவ்வொருவர் கையிலும் நாவலின் படம் போட்ட அட்டை ஒன்றைத் திணித்து அனுப்பினாள். இதெல்லாம் போதாதென்று, காரில் சீட் மேல் வைத்திருந்த அவள் மூக்குக்கண்ணாடியின் மீது வரும்போதே நான் உட்கார்ந்துவிட்டிருந்தேன். மேடையில் பெயரைக் கூப்பிடும்போதுதான் அவளுக்கே அது தெரிந்தது.

நடுவர் குழுத் தலைவர் கழுத்தில் துண்டு சுற்றிய பேராசிரியர். வில்லெட்டாவை "நம் உள்ளூர் முயற்சி ஒன்று" என்று அறிமுகம் செய்துவிட்டு, மூன்று நிமிடம் வாசிக்கலாம் என்றார். அவள் புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள், கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு மைக்கில், "ஹோரஸ், மேல வா. உடைச்சவன் நீதான், நீயே படி" என்றாள்.

மச்சான், நிறுத்தங்களின் பெயரைக் கூவிக் கூவிப் பழகிய தொண்டை எனக்கு. அதே குரலில் படித்தேன். "சனிக்கிழமைகளில் அவன் ஒரே மஞ்சள் சட்டையைத்தான் போட்டு வருவான். அதன் காலர் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். தேய்ந்த பக்கம் என் கண்ணில் படக்கூடாதென்று, பாட்டு முடியும்வரை தன் வலது பக்கத்தையே எனக்குக் காட்டி ஆடுவான்." அந்தச் சட்டை என் சட்டை. என் அண்ணன் எனக்குத் தள்ளிவிட்ட சட்டை. காலர் விஷயம் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நடனக் கூடத்து நீல விளக்கு கண்ணுக்குள் வந்துவிட்டது; பெண்களின் கூந்தல் எண்ணெய் வாசனையும், கூடத்துக்கு வெளியே மீன் பொரிப்பவரின் புகையும் அப்படியே மூக்கில் ஏறிவிட்டன. சமாளித்து மேலே படித்தேன். "பனி கொட்டிய அன்று அறுபத்து மூன்றாம் தெரு முழுக்க, ரயில் பாலத்தின் அடியிலேயே என்னை நடத்தி வீடு சேர்த்தான். பஸ்ஸுக்குக் காசில்லை என்று சொல்ல அவனுக்கு வெட்கம். நானும் தெரியாதவள்போல நடந்தேன்."

நான் நிறுத்திவிட்டேன்.

"இது தப்பு" என்றேன்.

"எது தப்பு?" என்றாள் அவள். மைக் அவள் பக்கம்தான் இருந்தது.

"எங்கிட்ட பஸ் காசு இருந்துச்சு வில்லெட்டா."

"இருந்துச்சா? அப்புறம் எதுக்கு அந்தப் பனியில என்னை நடக்க வச்ச? என் ஷூ ரெண்டும் ஊறிப்போச்சு."

"பஸ்ல ஏறினா உன் வீடு உடனே வந்துருமே."

பின்வரிசையில் ஒரு அம்மாள் பிரசங்கம் கேட்கிற மாதிரி "ம்ம்ம்" என்றாள். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும் "ம்ம்ம்" என்றார்கள். வில்லெட்டா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "காசில்லாத பையனாச்சேன்னு பரிதாபப்பட்டுத்தானே உன்னைக் கட்டிக்கிட்டேன்" என்றாள். "இப்போ என்ன பண்றது, கட்டியாச்சே" என்றேன். பேராசிரியர் எழுந்து மூன்று நிமிடம் ஆகிவிட்டது என்றார். "நீ உக்காருப்பா, அவங்க பேசட்டும்" என்று யாரோ அவரை அதட்டினார்கள்.

பரிசு அவளுக்குக் கிடைக்கவில்லை. ஓர் இளைஞனுக்குப் போனது. நல்ல பையன், அழுதுகொண்டே வாங்கினான். ஆனால் எங்கள் மேசை முன்னால் நின்ற வரிசையைப் பார்த்து, கழிப்பறைக்கு வந்தவர்களும் இது அதற்கான வரிசை என்று நினைத்து நின்றுவிட்டார்கள். அதில் சிலர் புத்தகமும் வாங்கினார்கள். கொண்டுபோனது எல்லாம் தீர்ந்த பிறகு நம் வட்டார நூலகத்துப் பெண் வந்தாள். நாவல் அலமாரியில் வைக்க நாலு பிரதி வேண்டும் என்றாள். நாவல் அலமாரியிலா என்று வில்லெட்டா இரண்டு முறை கேட்டாள். "வேற எங்க மேடம் வைக்கிறது, நாவல்தானே" என்றாள் அந்தப் பெண். உங்கள் தங்கை கைக்குட்டையைத் தேடினாள். நான் என்னுடையதைக் கொடுத்தேன்.

இதோடு சுபம் என்று நினைத்தால், அடுத்த வாரம் பத்திரிகையில் படம் வந்தது. மைக் முன்னால் வாயைத் திறந்தபடி நான். கீழே, "நாவலாசிரியர் ஹோரஸ் டப்ஸ், தம் மனைவியுடன்." அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. அடுப்பைப் பார்த்து, "நாவலாசிரியருக்குக் காபி வேணுமா?" என்று கேட்பாள். எனக்குத் தாங்கவில்லை மச்சான். எழுதியது அவள், வருடக்கணக்கில் கதவு கதவாகத் தட்டியது அவள், கதவு திறந்ததும் உள்ளே போய் உட்கார்ந்தவன் நான் என்று ஆகிவிட்டது. நேராகப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய், திருத்தம் போடும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன். போட்டார்கள். டயர் விளம்பரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில்: "நாவலை எழுதியவர் வில்லெட்டா டப்ஸ். ஹோரஸ் டப்ஸ் எழுத்தாளர் அல்லர்." இரண்டாவது வரியை அவள் சத்தமாகத் திரும்பத் திரும்பப் படித்தாள். அப்புறம் சிரித்தாள். அன்று மீன் பொரித்தாள்.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். அவள் இரண்டாவது நாவல் தொடங்கிவிட்டாள். தினமும் காலையில் என் எதிரே உட்கார்ந்து, "அப்போ நீ என்ன நினைச்ச? அதுக்கப்புறம்?" என்று போலீஸ் மாதிரி விசாரிக்கிறாள். இதில் நீங்களும் வருகிறீர்களாம், நிலாக் கவிதையோடு. உங்கள் மானத்துக்காகவாவது வந்து தடுக்க வேண்டும். எனக்கும் இந்தப் புத்தக வியாபாரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு வேண்டியது காருக்கு ஓர் இடமும் கொஞ்சம் அமைதியும்தான்.

உங்கள் தூண்டிலில் பெரிய மீனாக விழட்டும். கர்த்தர் உங்கள் வீட்டையும் உங்கள் முழங்காலையும் காக்கட்டும்.

அன்புடன்,
ஹோரஸ்

பி.கு.: அண்ணே, நான் வில்லெட்டா. தபால்ல போடச் சொல்லி இவர் கொடுத்ததைப் பிரிச்சுப் படிச்சுட்டேன். திருவிழாவுக்கு அடுத்த வாரமே என் முதல் அச்சு தீர்ந்துபோச்சு. ஷெட்டுல இருக்கிற பெட்டியெல்லாம் ரெண்டாவது அச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஆர்டர் கொடுத்ததே இந்த மனுஷன்தான். பக்கத்து ஊர் கேரியில ரெண்டு சர்ச்சுல இவரே போய் வாசிச்சுட்டும் வந்தாச்சு. இப்போல்லாம் புத்தகத்தைப் பார்க்கிறதே இல்லை, நான் எழுதாததையெல்லாம் சேர்த்துச் சொல்றாரு. சனங்க அதுக்குத்தான் அதிகமா கை தட்டுறாங்க. நீங்க கண்டிப்பா வந்து இவரை நிறுத்தச் சொல்லணும். ஆனா நவம்பர் முடிஞ்சு வாங்க. அதுக்குள்ள மில்வாக்கியில இவர் வாசிக்கிறதுக்கு ஹால் எடுத்தாச்சு.