மாமனைக் கடைசியில் அழைத்தவன்

கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவனுக்கு மூளை வேண்டாம், வயிறு இருந்தால் போதும். என்னிடம் இரண்டுமே இருப்பதாக நம்பி அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க என்னை அனுப்பினார்கள். (பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.)

அன்னூரில் வண்டியைக் கிளப்பும்போதே அம்மா படித்துப் படித்துச் சொன்னாள். "கண்ணு, நேரா ஆனைமலைக்குப் போயி மொத மாமனுக்கு வெத்தல பாக்கு வெச்சுப்போடு. அப்பறந்தான் மத்தவீங்களுக்கு. வழீல எங்கயும் எறங்கீராத."

காரணம் இருந்தது. என் காதுகுத்துக்கு முறையாக அழைக்கவில்லை என்று கோபித்துக்கொண்ட மாமா, அன்றோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தார். யார் மடியிலோ உட்காரவைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். இப்போதுதான் மனசு இறங்கி, "பையன அனுப்பு" என்று போனில் சொல்லியிருந்தார். தாய்மாமன் இல்லாத கல்யாண மேடையை நினைத்து நினைத்தே அம்மா பாதி உடம்பாக இளைத்திருந்தாள்.

நானோ எஞ்சினியர். மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை. போனில் மேப்பைப் பார்த்தேன். ஆனைமலைதான் கடைக்கோடி. பொள்ளாச்சியைத் தாண்டிப் போய்விட்டு மறுபடி எதற்குத் திரும்பி வருவது? பெட்ரோல் என்ன மரத்திலா காய்க்கிறது? வழியில் இருந்த சொந்தக்காரர் வீடுகளில் எல்லாம் இறங்கினேன். எல்லா வீட்டிலும் ஒப்புட்டு என்கிற போளி, மேலே நெய், "இன்னொண்ணு வெச்சுக்க சாமி" என்ற கெஞ்சல். பொள்ளாச்சிப் பெரியப்பா வீட்டில் பிரியாணியே போட்டுவிட்டார்கள்.

மாமா வாசலிலேயே காத்திருந்தார். "வாடா கண்ணு!" என்று தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிப்போனார். இலை போட்டிருந்தது. அத்தை நாட்டுக்கோழிக் குழம்போடு நின்றார். வாசம் மூக்கில் ஏறியதுமே என் வயிறு கும்பிடு போட்டது.

"வேண்டாமுங்க அத்தை. பெரியப்பா ஊட்டுல பத்திரிகை வெச்சனுங்களா, பிரியாணி போட்டுட்டாங்க. அதுக்கு மிந்தி கிணத்துக்கடவுல சித்தி ஊட்டுல..."

(வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறேன், மடையன்!)

அத்தையின் கரண்டி அப்படியே நின்றது. மாமா நிதானமாகக் கேட்டார்.

"அப்ப எல்லாருக்கும் வெச்சுப்போட்டு, கடைசியா நம்முளுக்குங்களா?"

எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். சட்டென்று இலையில் உட்கார்ந்து, அழாத குறையாக அள்ளி அள்ளித் தின்றேன். "மெதுவாச் சாப்புடுங்க தம்பி, தண்ணி குடிங்க தம்பி" என்று மாமாவே பரிமாறினார். ஒரு 'டா' வரவில்லை.

கல்யாணத்துக்கு வந்தார். சீரில் ஒரு குறை வைக்கவில்லை. பந்தியில் மட்டும் கை நனைக்கவில்லை. அம்மா மண்டப வாசல்வரை பின்னாலேயே ஓடினாள். "அண்ணா, ஒரு வாயாச்சும்..." கார் கிளம்பிவிட்டது.

இப்போது வீட்டில் இது பெரிய தமாஷ். நான் வண்டிச் சாவியைத் தொட்டாலே அக்கா வீட்டுக்காரர், "மாப்ள, மேப்பப் பாத்துட்டீங்களா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

விசேஷங்களில் என்னைக் கண்டால் மாமா எழுந்து நின்றுவிடுகிறார். "வாங்க தம்பி, சௌக்கியமுங்களா?" நாலு பேர் முன்னால் என்னைச் செருப்பால் ஒரு அடி அடித்துவிடக் கூடாதா அந்த மனுஷன்?