தொப்பி வழக்கில் திடீர்த் தீர்ப்பு

“‘தொப்பியக் கழட்டு’ எண்டு என்ட வாயால செல்ல ஏலா.”

“நீங்கதான் மாமா நீதிபதி. நீங்க செல்லாட்டி நான் எதுக்கு வாதாடுற?”

இப்படிக் கத்தியவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். எங்கள் சாய்ந்தமருதுக் கலாபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் சீனிமுகம்மதுவும் செயலாளர் பளீலும். உலக நாடக வரலாற்றையே இரண்டாகப் பிரித்த அந்த 1955ஆம் ஆண்டு ஒத்திகையில் நானும் இருந்தேன். நீதிமன்றச் சனமாக இருமுகிற பாத்திரம் எனக்கு.

அதற்கு ஐம்பது வருடத்துக்கு முன் கொழும்பு நீதிமன்றத்தில் ஒரு முஸ்லிம் வழக்கறிஞர் துருக்கித் தொப்பியோடு எழுந்து நின்றார். நீதிபதி கூடாது என்றார். முஸ்லிம் ஊர்கள் கொதித்தன. அந்த வழக்கை வானொலியில் நேரடியாக அரைமணி நேரம் நடிக்கச் சங்கத்துக்கு ‘அழைப்பு’ வந்திருந்தது.

சீனிமுகம்மதுவுக்கு மறுமாதம் ஊர்ச்சபைத் தேர்தல். அது நாடகம்தான் என்று வாக்காளருக்கு யார் விளக்குவது? பளீலுக்குச் சிக்கல் வேறு. சீனிமுகம்மதுவின் மகள் பரீனாவை அவர் பெண் கேட்டிருந்தார். வீடு பரீனாவின் தாய் ஹவ்வா உம்மாவின் சீதனம். மாப்பிள்ளை வந்து குடியேறுவதும் அங்கேதான். ஆகவே முடிவும் அவருடையதே. ரேடியோவில் பொடியன் பேசட்டும், கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அறிவித்திருந்தார். மாமியார் மறைவை விட்டு வெளியே வராமலே மாப்பிள்ளையைப் பரிசோதிக்கும் வசதியை விஞ்ஞானம் அன்றுதான் வழங்கியது. பளீல் ஒன்பது பக்க வாதத்தை மனனம் செய்தார்.

நீதிபதிக்காக மேசையில் தட்டும் வேலை நெசவுக்கார மசூருக்கு. தறிக்கட்டை ஒன்றைத் துடைத்துக் கொண்டுவந்தார். வசனம் கிடையாது.

கடைசியில் சீனிமுகம்மது “பாப்பம்” என்றார். பொதுவாழ்வில் அதற்கு என்ன பொருள் என்று தெரியாத பளீல் சந்தோஷமாக ரயிலேறினார்.

கொழும்பு வானொலிக் கலையகத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பளீல் “கனம் நீதிபதி அவர்களே” என்றதுதான் தாமதம், தீர்ப்பு வந்துவிட்டது.

“தொப்பி இருக்கட்டும். வழக்கு முடிஞ்சுது.”

மீதி இருபத்தொன்பது நிமிடம். நான் இருமினேன்.

“கனம் நீதிபதி அவர்களே, கழற்றச் சொல்லுங்கள்.”

“தேவையில்ல.”

“சட்டப்படி கூடாது, மாமா.”

“இருக்கட்டும் எண்டா இருக்கட்டும்.”

“அப்ப நானே கழட்டுறன்.”

“தொட்டுப் பாரு.”

தொப்பிக்காக வாதாட வந்தவர் தொப்பிக்கு எதிராக முழங்கினார். வானொலி கேட்ட எவர் கண்ணுக்கும் தெரியாத அந்தத் தொப்பியை அவர் இழுக்க, நீதிபதி ஆசனத்திலிருந்து பாய்ந்துவந்து அவர் தலையில் அழுத்திப் பிடித்தார். இலங்கை முழுதும் மூச்சிரைப்பு கேட்டது. மசூர் மட்டும் நிதானமாக டொக், டொக் என்று தட்டிக்கொண்டிருந்தார்.

ஹவ்வா உம்மாவின் தீர்ப்புக்கு மேன்முறையீடு இருக்கவில்லை. “தொப்பியக் கழட்டக் கெஞ்சின மாப்பிள என்ட ஊட்டுக்கு வேணா. அந்தத் தட்டின பொடியன் ஆரு?”

பெருநாள் கழிந்து மசூர் அந்த வீட்டில் மாப்பிள்ளையாகக் குடியேறினார். இன்றும் அதிகம் பேசுவதில்லை. பளீல் கோமாரி என்ற ஊருக்குப் போய் வாத்தியாரானார். ‘தொப்பி காத்த நீதிபதி’ சீனிமுகம்மது அமோகமாக வென்றார். பதவியேற்பன்று அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஓர் அதிகாரித் துரை வந்தார். சீனிமுகம்மதுவின் தலையிலிருந்த தொப்பியை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். எங்கள் நீதிபதி அதைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அதை வானொலி ஒலிபரப்பவில்லை. நான் மட்டும் இருமினேன்.