முறுக்கு அச்சும் ஒரு விராலும்

இனிமேல் கடையில் லூர் வாங்குவதில்லை, நானே மரத்தில் செதுக்குவேன் என்று முடிவெடுத்தேன். லூர் தெரியுமில்லையா? மரத்தை மீன் மாதிரி செதுக்கி, பெயிண்ட் அடித்து, வயிற்றில் கொக்கி மாட்டித் தண்ணீரில் இழுப்பது. நிஜ மீன் என்று நம்பி விரால் வந்து கவ்வும். கவ்வும் என்று வீடியோவில் சொன்னார்கள்.

திண்டிவனத்தில் விதைக்கடை நடத்துகிறவனுக்கு மரமா கிடைக்காது? முருங்கைக் கட்டை ஊறி உப்பிவிட்டது. சவுக்குக் கட்டை நேராக ஏரியின் அடிக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டது. நொந்துபோய் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டுக்குள் நுழைந்தேன். கண்ணுக்கு நேராக, அலமாரியில், கைக்கு அடக்கமாக ஒரு உருண்டைக் கட்டை! நல்லா காய்ந்த பலா. பிடி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதை அறுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் செதுக்கினேன். மனைவி வெண்ணிலாவின் நகப்பாலிஷை எடுத்து செதிலும் போட்டேன். என்ன அழகு தெரியுமா! கிடங்கல் ஏரியில் காலையெல்லாம் இழுத்தேன். ஆகாயத்தாமரைதான் மாட்டியது.

வீட்டுக்கு வந்தால் வெண்ணிலா பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, முறுக்கு அச்சுல அமுக்குற கட்டைய பார்த்தீங்களா?"

"அது எப்படி இருக்கும்?"

"மேல பிடி, கீழ உருண்டையா இருக்கும். எங்கப்பா பலா மரத்துல ஆசாரிகிட்ட கடைஞ்சி வாங்கிக் குடுத்தது."

லூர் என் சட்டைப் பையில் இருந்தது.

"எலி தூக்கிக்கினு போயிருக்கும்."

"எலி அத்த வச்சிக்கினு இன்னாங்க பண்ணும்? முறுக்கா சுடும்?"

"இந்தக் காலத்து எலிய நம்ப முடியாது வெண்ணிலா."

"வெளாடாதீங்க. தீபாவளிக்கு அப்பா இங்க வர்றாரு. மொத முறுக்க அந்த அச்சுல அவரே புழியணுமாம்."

அடக் கடவுளே! வல்லத்து மாமனார் அதிகம் பேச மாட்டார். முறைப்பார். பத்து வார்த்தை திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த முறைப்பு இருக்கே, சோறு இறங்காது.

பைக்கை எடுத்துக்கொண்டு கூட்டேரிப்பட்டுக்குப் பறந்தேன். ரோட்டோரக் கடையில் மர அச்சு ஒன்று கிடைத்தது. டீ டிகாஷனில் ஊறவைத்து, மல்லாட்டை எண்ணெய், அதான் கடலை எண்ணெய், தடவிப் பழசாக்கினேன். பக்கத்து வீட்டுக் குமரேசனிடம் ரகசியமாகக் காட்டினேன்.

"எப்படி இருக்கு?"

"புது அச்சு மேல டீ கொட்டின மாதிரி இருக்குது."

ஆச்சு, மாட்டினேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் மூளையில் பளிச்சென்று ஒரு யோசனை. மாமனார் இங்கே வந்தால்தானே வம்பு?

"வெண்ணிலா, இந்தத் தீபாவளிக்கு நாமளே வல்லம் போயிடலாம்!"

"நெஜமாவா? கல்யாணமானதுலருந்து கேட்டுக்கினு இருக்கேன். லீவு உட்டா ஏரிக்குத்தான் போவேன்னுவீங்களே?"

"ஏரி எங்க போயிடும்? உங்கப்பாதான் முக்கியம். முறுக்கையும் அங்கயே வேற அச்சுல சுட்டுக்கலாம்."

"எத்தினி நாள் தங்கலாம்?"

"நீ சொல்ற வரைக்கும்!"

பயம் ஒரு மனிதனை எவ்வளவு தாராளமாக்கிவிடுகிறது பாருங்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் வல்லத்தில் எண்ணெய் காய்ந்தது. மாமனார் உள்ளே போய் ஒரு மர அச்சோடு வந்தார். பலா மரம். பிடி முழுசாக இருந்தது. வெண்ணிலாவை ஓரமாக இழுத்துப் போனேன்.

"இது... எலி தூக்கிக்கினு போனதுதான?"

"அப்பா குடுத்தத போன மாசமே இங்க கொண்டாந்து வச்சிட்டேங்க."

"அப்போ ஷெட்டுல இருந்தது?"

"சந்தையில வாங்கினது. நீங்க மரம் தேடிக்கினு பேஜாரா திரிஞ்சீங்களா, கண்ணுல படற மாதிரி நான்தான் வச்சேன்."

வீட்டில் விட்டால் மாட்டிக்கொள்வேன் என்று சட்டைப் பையிலேயே கொண்டுவந்திருந்த லூரை என் கை தானாகத் தடவியது. அவள் அதை வெளியே எடுத்து, நகப்பாலிஷ் செதிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏரியில விராலு கடிக்கலன்னு ஏங்க வருத்தப்படறீங்க? வீட்ல ஒண்ணு கடிச்சிதே!"