மாடி அறைக்கு ஒன்றரை டன்

ஆதி மனிதன் மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்காமலே அவசரப்பட்டு நெருப்பைக் கண்டுபிடித்துவிட்டான். மனித குலத்தின் அந்த முதல் நிர்வாகப் பிழையைத் திருத்தும் பொறுப்பு, பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து, ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளர் தலையில் வந்து விழுந்தது. அவர் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

அவருடைய அப்பா, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், மாடி அறையில் இருந்தார். கோடையில் அந்த அறை அடுப்பு, குளிர்காலத்தில் ஐஸ் பெட்டி. கோடை தொடங்கிய வாரமே அப்பா தலைசுற்றிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "சூடும் ஆகாது, குளிரும் ஆகாது. ரூமைச் சீரா வெச்சுக்குங்க" என்றார் டாக்டர். சூடும் குளிர்ச்சியும் இரண்டுமே தரும் ஏசி வாங்குவது என்று முடிவாயிற்று. சாமானியர்கள் என்றால் கடைக்குப் போயிருப்பார்கள். கண்காணிப்பாளர் கமிட்டி போட்டார்.

கமிட்டிக்குத் தலைவர் அவர். உறுப்பினர், மனைவி. அப்பா 'பயனாளி'. பயனாளிக்குக் கருத்துச் சொல்ல உரிமை உண்டு. கருத்தைக் கேட்க யாருக்கும் கடமை இல்லை.

முதலில் வந்த விற்பனையாளரின் அட்டையில் 'இல்லத் தட்பவெப்ப ஆலோசகர்' என்று போட்டிருந்தது. அவர் அறையை நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "ஒன்றரை டன் வேணும் சார்" என்றார்.

அப்பா சுவரைத் தட்டிப் பார்த்தார். "ஒன்றரை டன்னை இந்தச் சுவர் தாங்குமா தம்பி?"

"அது எடை இல்லைங்க ஐயா. குளிர்ச்சியோட அளவு."

"நான் ஓட்டின பஸ் ஏழு டன். அதுல குளிர்ச்சியே இருந்ததில்லையே."

கண்காணிப்பாளர் பயனாளியை அமைதி காக்கச் சொல்லிவிட்டு விலையைக் கேட்டார்.

"இன்னிக்கே முடிவு பண்ணினா ஒரு விலை. நாளைக்குன்னா வேற விலை சார்."

"நாலு மாசம் கழிச்சுன்னா?"

ஆலோசகர் தன் பையை மூடினார்.

இரண்டாவது ஆள் இரண்டு டன் என்றார். மூன்றாவது ஆள், ஒரு டன் போதும், கூடவே தனியாக ஒரு ஹீட்டர் என்றார். விலைப்புள்ளிகள் வந்து சேர்ந்தபோது ஒன்றில் குழாய்க்கும் சேர்த்து விலை இருந்தது. இன்னொன்றில் பொருத்தும் கூலி சேர்ந்திருந்தது. மூன்றாவதில் நல்வாழ்த்துகள் மட்டும் சேர்ந்திருந்தன. கண்காணிப்பாளர் மூவருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார்.

"மாமா மத்தியானம் பூரா பாத்ரூம் தரையில துண்டை விரிச்சுப் படுத்திருக்காருங்க" என்றாள் மனைவி.

"தெரியும். நாலாவது கூட்டக் குறிப்புல ஏத்தியாச்சு."

"ஏதோ ஒண்ணை வாங்கி மாட்டிடலாமே."

"ஏமாந்துட்டோம்னா?"

"வேர்த்துக்கிட்டு உஷாரா இருக்கிறதுக்கு, குளுகுளுன்னு ஏமாந்துட்டுப் போலாம்."

இந்தக் கருத்தும் குறிப்பில் ஏறியது, 'ஏற்கப்படவில்லை' என்று.

ஒப்பீட்டு அறிக்கை முப்பத்தெட்டு பக்கத்தில் முடிந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டபோது விலைப்புள்ளிகள் காலாவதியாகியிருந்தன. குளிர்காலம் வந்தது. இப்போது முக்கியம் குளிர்ச்சியல்ல, வெப்பம் என்று கண்காணிப்பாளர் கண்டறிந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். மாடியில் இரண்டு ஸ்வெட்டரும் அதன்மேல் பழைய காக்கிச் சட்டையும் போட்டுக்கொண்டு அப்பா இருமினார். கீழே தட்டச்சு நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண்காணிப்பாளரின் தங்கை கார் வைத்துக்கொண்டு வந்தாள். அண்ணனிடம் எதுவும் கேட்காமல் அப்பாவின் துணிகளைப் பையில் அடுக்கினாள்.

"உங்க வீட்ல ஹீட்டர் இருக்கா?" என்றார் கண்காணிப்பாளர்.

"இருக்குண்ணா."

"எத்தனை பேர்கிட்ட விலை கேட்டீங்க?"

"கடைக்காரன்கிட்ட. குளிருச்சு, வாங்கினோம்."

தன் குடும்பத்திலேயே இப்படியொரு முறைகேடு நடந்திருக்கும் என்று கண்காணிப்பாளர் நினைத்திருக்கவில்லை.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, "முடிவானதும் ஒரு வார்த்தை சொல்லுப்பா" என்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று கண்காணிப்பாளருக்கும் தொண்டைவரை வந்தது. வெளியே வந்ததோ, "அடுத்த கூட்டம் வியாழக்கிழமைப்பா" என்பதுதான். கார் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றிருந்தார்.

வியாழக்கிழமை ஒரு பொறியாளர் வந்தார். இவர் உண்மையிலேயே படித்தவர். மாடிக்குப் போய்க் கூரை, ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அளந்தார்.

"ரூம்ல எத்தனை பேர் இருப்பாங்க சார்?"

"எதுக்கு?"

"மனுஷ உடம்பும் சூடு விடும். அதையும் வெப்பச் சுமைன்னு கணக்குல சேக்கணும்."

கட்டிலில் மடித்துக் கிடந்த அப்பாவின் போர்வையைக் கண்காணிப்பாளர் பார்த்தார். "யாரும் இல்லை" என்றார்.

"அப்போ முக்கால் டன்னே ஜாஸ்தி சார்."

விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. அலுவலகத்தில் செய்தி பரவியது. மேலாளர் அவரைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். 'பொறுமையே சேமிப்பு' என்ற தலைப்பில் புதியவர்களுக்கு அரை மணி நேரம் பேசவும் சொன்னார். இத்தனை குறைந்த விலையில் இத்தனை சிறந்த கருவியை இதுவரை எவரும் வாங்கியதில்லை என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இருக்க முடியாது.

அன்று மாலை இறுதி அறிக்கையில் உறுப்பினரின் கையெழுத்து தேவைப்பட்டது. மனைவி கடைசிப் பக்கத்தைப் படித்தாள். 'விலை குறைந்ததற்கான காரணம்: அறையிலிருந்து ஒரு சுமை அகற்றப்பட்டது.'

அவள் பேனாவைத் திறந்து, 'ஒரு சுமை' என்பதை மட்டும் அடித்தாள். அதன் மேலே 'உங்கள் அப்பா' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.