அகலம் அண்ணன் வாங்கிய ஃபிரிட்ஜ்

ஆரணியில் சண்டை போடாமல் ஒரு தீப்பெட்டிகூட வாங்காத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் அகலம் அண்ணன்தான். பூக்காரம்மா முழம் போடும்போது அவள் முழங்கையையே சந்தேகத்தோடு பார்ப்பார். ஓட்டலில் தோசை வந்தால் குறுக்கே ஒரு சாண் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சட்னியைத் தொடுவார்.

பட்டுப்புடவை வியாபாரம். நெசவாளர்களுக்கு நூல் கொடுத்து, புடவையாக வாங்கி, வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புவார். தறியிலிருந்து வந்த புடவையை விரித்து, கழுத்தில் மாலைபோல் கிடக்கும் டேப்பை எடுத்து அகலம் பார்ப்பார். விரற்கடை குறைந்தால் போச்சு. "இதக் கட்டிகினு போறவளுக்குக் கணுக்கால் தெரியும்யா. அவ புருஷன் என்னைத் தேடிகினு வருவான்!" என்று தெருவே அதிரக் கத்துவார். ஊர் வைத்த பேர்தான் அகலம். சொந்தப் பேர் அவர் மனைவி செல்வி அண்ணிக்குத் தெரியும். ஆனால் அண்ணி அதை வாயால் சொல்ல மாட்டார்.

நான் இன்சூரன்ஸ் ஆபீசில் மாற்றலாகி வந்து அவருக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தேன். அப்போதே அவருடைய தம்பிகள் இருவரும் அந்த வீட்டை விட்டுப் போயிருந்தார்கள். காரணம் கேட்டால் அண்ணன் கூசாமல் ஒரு பழைய ஃபிரிட்ஜைக் காட்டுவார்.

மூன்று குடும்பத்துக்கும் அந்த ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்றுதான். ஒருநாள் இட்லிமாவுக்கு இடம் பண்ண யாரோ சின்னத்தம்பி குழந்தையின் பாலை வெளியே எடுத்து வைக்க, பால் திரிந்துவிட்டது. சின்னவன் கேட்டிருக்கிறான். அண்ணன் சும்மா இருக்காமல், "எடம் பத்தலன்னா உன் மாமனார ஒண்ணு வாங்கித் தரச் சொல்லு" என்றிருக்கிறார். அந்த வாரமே சின்னவன் சேவூருக்குக் குடிபோனான். பின்னாலேயே நடுத்தம்பியும் வேறு தெருவுக்குப் போய்விட்டான்.

"ஒரு ஜாண் அகலம் கூட இருந்திருந்தா எங்க குடும்பம் ஒடஞ்சிருக்காது தம்பி" என்பார் அண்ணன்.

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வரும். "அவங்க போனது ஃபிரிட்ஜால இல்ல. உங்க வாயால."

பொங்கலுக்கு முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். இரண்டு கதவும் பீரோபோல் இரு பக்கம் திறக்கிற ஃபிரிட்ஜ் ஒன்று அங்கே மாப்பிள்ளை முறுக்கோடு நின்றிருந்தது. அண்ணன் டேப்பை எடுத்தார். பழையது இரண்டடி, இது மூன்றடி. விலைச்சீட்டைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"இன்னாம்மா அநியாயம் இது! அகலம் ஒண்ணரைப் பங்கு, வெல மூணு பங்கா? மிச்சம் ஒண்ணரைப் பங்கு எங்க போச்சு?"

கடையில் விற்பனை பார்த்த நசீமா நிதானமான பெண். "உள்ள ரெண்டு பொட்டி சேந்த மாதிரிங்கண்ணா. ஒரு பக்கம் ஐஸு, ஒரு பக்கம் காய்கறி, ரெண்டுக்கும் வேற வேற குளிர். பெரிய கம்ப்ரஸர், கூடுதலா ஃபேனு. லாரியிலயும் எடத்த அடைச்சிக்கும். எல்லாத்துக்கும் மேல, இத வாங்கறவங்க கம்மி."

"கம்மியா வாங்கினா வெலயக் கொறைக்கணும். ஏத்துவாங்களா?"

"நீங்க இன்னா வியாபாரம்ணா?"

"பொடவ."

"பொடவைய ஒரு முழம் கூடுதல் அகலமா நெய்து குடுன்னு ஒருத்தர் கேட்டா?"

அண்ணன் சிரித்தார். "அது இன்னா வெளையாட்டாம்மா? இருக்கற தறியில ஏறாது. தறியையே அகலமாப் போடணும். பாவுல நீளவாட்டு இழை கூட வேணும். அம்மாம் அகலத்துக்குக் கை எட்டாது, எதிர்ல இன்னொரு ஆள் ஒக்காரணும். அப்புறம் அதே மாதிரி ரெண்டாவது பொடவைய எவன் கேப்பான்? மொத்தச் செலவையும் அந்த ஒண்ணு மேலதான் ஏத்தணும்."

"அதேதாங்கண்ணா."

மூன்று வருஷப் பழக்கத்தில் அவர் வாதத்தில் தோற்று நான் பார்த்தது அன்றுதான். அதைவிட அதிசயம், தோற்கடித்தது அவரே.

நசீமா அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்கு உண்மை பேசும் வியாதி. "இன்னொண்ணும் இருக்குதுங்க. இத வாங்கறவங்க வசதியானவங்க, கேட்டதைக் குடுப்பாங்கன்னு கம்பெனியே கொஞ்சம் கூட வெச்சித்தான் விக்கறாங்க."

நியாயப்படி அண்ணன் இதற்குக் கடையையே கொளுத்தியிருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து, டேப்பைச் சுருட்டி, "அப்ப என்னை வசதியானவன்னு முடிவு பண்ணிட்ட. சரி, பில்லு போடு" என்றார். செலவுக் கணக்கெல்லாம் சொல்லி விற்க முடியாததை, கொள்ளையடிக்கிறோம் என்று சொன்னால் விற்க முடிகிறது. நாம் அப்படிப்பட்ட ஜென்மங்கள்.

ஃபிரிட்ஜ் வந்தது. வாசலில் நுழையவில்லை. ஊரில் உள்ள தோசையை எல்லாம் அளந்தவர், தன் வீட்டு நிலைப்படியை அளக்கவில்லை.

"நிலைய எடுத்துட்டா போயிடும்" என்றான் வந்து பார்த்த மேஸ்திரி. ஆனால் நிலை அவர் அப்பா வைத்தது. வீடு இன்னும் பாகம் பிரியாமல் மூவருக்கும் பொதுவாகவே இருந்தது. அண்ணன் தெருவில் நின்றபடியே, வருஷக்கணக்காகப் பேசாத தம்பிகளுக்கு முதல்முறையாகப் போன் போட்டார். அவர்கள் வரும் வரை ஃபிரிட்ஜ் தெருவோரம் கிடந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் துக்கம் விசாரிப்பதுபோல் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

தம்பிகள் வந்தார்கள், நிலையைக் காப்பாற்ற. சின்னவன் சேவூரிலிருந்து வண்டியில் வந்த வேகத்தில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு உள்ளேயிருந்தே சண்டை போட்டான்.

"அப்பா வெச்ச நெலை. நீ பாட்டுக்கு எப்படிணா எடுப்ப?"

"ஃபிரிட்ஜு உள்ள போவணும்டா."

"போவட்டும். அப்படியே வூட்டையும் பாகம் பிரிச்சிடு. ரொம்ப நாளா இழுத்துகினு கெடக்குது."

நடுவன் தலையாட்டினான். அவனுக்கு எப்போதும் அந்த ஒரு வேலைதான்.

பொங்கலுக்கு இவர்களை எல்லாம் கூப்பிட்டு ஒரே இடத்தில் சோறு போடத்தான் அண்ணன் அந்தப் பெட்டியை வாங்கினார். எனக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும். சொல்லிவிடுவார் என்று இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஊசி விழுந்தாலும் கத்துகிற மனிதர், அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் குரல் இல்லாமல் நின்றார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"சரி, பிரிச்சிக்கலாம். ஜல்தி ஆளுக்கு ஒரு கை புடிங்கடா. மழ வருது."

மேஸ்திரி நிலையைக் கழற்ற, மூன்று பேரும் சேர்ந்துதான் அதை உள்ளே தூக்கி வைத்தார்கள். அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

பொங்கலுக்கு யாரும் வரவில்லை. பங்குனிக்குள் கூடத்தின் நடுவே சுவர் எழும்பிவிட்டது. அண்ணன் பங்குக்கு வந்த இடத்தில் ஃபிரிட்ஜ் நிற்க ஒரே ஒரு மூலைதான் இருந்தது. அங்கே இடது கதவு தாராளமாகத் திறந்தது. வலது கதவு ஒரு சாண் திறந்ததும் எதிரே வந்த புதுச் சுவரில் முட்டிக்கொண்டது.

"இம்மாம் வெல குடுத்து மொண்டி ஃபிரிட்ஜு வாங்கினவங்க நாமதான்" என்றார் அண்ணி. அண்ணன் பதில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சில நாள் கழித்து, சுவர் தன் பக்கம் விரற்கடை நகர்ந்துவிட்டதென்று மேஸ்திரியை அவர் கிழிகிழியென்று கிழித்த சத்தம் கேட்டபிறகுதான் என் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றலாகிவிட்டது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு ஆரணி போனபோது அவரைப் பார்க்கப் போனேன். லாட்ஜில் தங்கியதற்குத் திட்டினார். இளைத்ததற்குத் திட்டினார். பிறகு ஃபிரிட்ஜிடம் போய், வலது கதவின் இடுக்கில் தோள்வரை கையை விட்டு, கன்னம் சுவரில் நசுங்க, துழாவித் துழாவி ஒரு டப்பாவை வெளியே எடுத்தார்.

"பால்கோவா. சின்னவனுக்குப் புடிக்கும்னு அண்ணி கிண்டினது. அவன் பையன் காதுகுத்துக்குக் கூப்பிட வர்றேன்னான், வரல. நீ சாப்பிடு."

பல் கூசும் குளிர்ச்சி. "பிரமாதம்ணா" என்றேன்.

"பொய் சொல்லாத. சக்கர கம்மி."

சர்க்கரை கம்மிதான். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.